வெறும் வயித்துல நின்ன வரிசை: பாளையங்கோட்டை சர்க்கரை க்ளினிக் ஒண்ணுல டோக்கன் ஆப் போட்ட கதை

பின்னணி

பாளையங்கோட்டைல ஒரு சர்க்கரை டாக்டரோட க்ளினிக்ல நடந்த விசயம் இது. டாக்டர், அங்க வேலை பாக்குறவங்க, வந்த ஜனங்க யாரு பேரும் இதுல வராது, டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன். டோக்கன் ஆப் எழுதினவன் நான்தான், அதனால இதுல வர்ற தப்புல பாதிக்கு மேல என் கணக்குல எழுதிக்கலாம். வீட்டுல இருந்து சாஃப்ட்வேர் வேலை பாக்குறவன், எங்க அப்பாவுக்கு அங்கதான் வைத்தியம், அப்படித்தான் பழக்கம்.

ஒரே டாக்டர். ரிசப்ஷன்ல ஒரு அக்கா, பதினஞ்சு வருசமா இருக்காவ. லேப்ல ரத்தம் எடுக்க ஒரு தம்பி, மருந்து கவுண்டர்ல ஒரு அண்ணாச்சி. டாக்டர் காலைல 10 மணில இருந்து ரெண்டரை வரைக்கும் பாப்பாரு, ஒரு நாளைக்கு சராசரியா 68 பேர். டவுன், மேலப்பாளையம் ஆளுங்க பாதின்னா மீதி சேரன்மகாதேவி, முக்கூடல், களக்காடு, நாங்குநேரி, திசையன்விளை பக்கத்துல இருந்து மொத பஸ்ஸ புடிச்சு வர்றவங்க.

ஆப் வர்றதுக்கு முன்னாடி இருந்த முறை ரொம்ப பழசு. நாலரை மணிக்கு வர்ற மொத ஆளு கேட்டு முன்னாடி துண்ட விரிப்பாரு, அடுத்தவர் செருப்பு, அதுக்கடுத்து மஞ்சப்பை, தண்ணி பாட்டில், இப்படி சாமான் எல்லாம் வரிசைல கெடக்கும், ஆளுங்க எதுக்க இருக்க டீக்கடை திண்ணைல உக்காந்து பேசிட்டு இருப்பாங்க. ஆறு மணிக்கு கேட்ட திறந்து அக்கா நோட்டுல பேரு எழுதுவாவ. தெருக்குழாய்ல குடத்த வரிசைல வச்சு வளந்தவங்களுக்கு இது ஒண்ணும் புதுசு கிடையாது, குடம் நின்னா ஆளு நின்ன மாதிரி. எங்க ஆளுங்க கைல ஸ்மார்ட்போன் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே டோக்கன்னா என்னன்னு தெரியும்.

"தம்பி, வயசானவங்க விடியக்காலம் ரோட்டுல உக்காந்திருக்காங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு, நீ கம்ப்யூட்டர் ஆளுதான, ஒரு வழி பண்ணு"ன்னு டாக்டர் சொன்னாரு. ஆரம்பம் இதுதான், நல்ல எண்ணத்துல வந்த பேச்சு.

ரெண்டு வாரம் உக்காந்து பார்த்தது

மொதல்லயே கோட் எழுத உக்காராம ரெண்டு வாரம் ரிசப்ஷன் பக்கத்துல ஸ்டூல போட்டு உக்காந்தேன். இதுல நான் பண்ண நல்ல காரியம் இது ஒண்ணுதான்னு நெனைக்கிறேன், ஆனா பார்த்தத சரியா புரிஞ்சுக்கிட்டேனாங்கிறது வேற கேள்வி, அது பின்னாடி வருது.

சர்க்கரை க்ளினிக் வரிசை மத்த க்ளினிக் வரிசை மாதிரி இருக்காது. காய்ச்சல்னு வந்தா ஒரு தடவ நின்னு ஒரு தடவ டாக்டர பாத்துட்டு போயிரலாம். இங்க டெஸ்ட்டுக்கு வர்றவங்க ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எட்டு மணி நேரமாவது ஒண்ணும் சாப்பிடாம வந்து வெறும் வயித்துல ரத்தம் கொடுக்கணும், அப்புறம் போயி சாப்பிடணும், சாப்பிட ஆரம்பிச்ச நேரத்துல இருந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி வந்து ரத்தம் கொடுக்கணும், ரிசல்ட் வரணும், அப்புறம்தான் டாக்டர். ஒரே ஆளு லேப் வரிசைல ரெண்டு தடவ, டாக்டர் வரிசைல ஒரு தடவ. மொதல்ல வந்தவரு இட்லி சாப்பிட அரைமணி லேட்டாக்குனா அவரோட ரெண்டாவது ரத்தமும் அரைமணி தள்ளிப்போகும், காலைல எழுதுன நம்பருக்கு ஒம்பது மணிக்கு மேல அர்த்தமே இல்ல. நோட்டுல 3ஆம் நம்பர் ஆளு உள்ள போறப்ப பத்து பேரு முன்னாடி போயிருப்பாங்க.

காத்திருக்குற நேரத்த அளக்க ஒவ்வொருத்தருக்கும் ஸ்டாப்வாட்ச் போட முடியாது. அதுக்கு ஒரு சுருக்கு வழி இருக்கு, ஜான் லிட்டில்னு ஒருத்தரு 1961ல நிரூபிச்சது: உள்ள சராசரியா இருக்குற ஆளுங்க எண்ணிக்கைன்னா, ஒரு மணி நேரத்துக்கு வர்ற ஆளுங்கள ஒருத்தரு இருக்குற நேரத்தால பெருக்குனது. திருப்பிப் போட்டா தலைய மட்டும் எண்ணி நேரத்த கண்டுபிடிச்சிரலாம். அரைமணிக்கு ஒருக்கா தலைய எண்ணுனேன், ஆறுல இருந்து ரெண்டரை வரை எட்டரை மணி நேரத்துல 68 பேர், அதாவது மணிக்கு 8 பேர், சராசரி தலை 30. முப்பத எட்டால வகுத்தா மூணே முக்கால் மணி. இது ஆறு மணில இருந்துதான், அதுக்கு முன்னாடி துண்டு விரிச்சு உக்காந்த நேரம் தனி. "ஒரு மணி ஒண்ணரை மணி ஆகும் தம்பி, அவ்ளோதான்"னு அக்கா சொல்லிட்டு இருந்தாவ, பொய் சொல்லல, அவிய கண்ணுக்கு அப்படித்தான் தெரிஞ்சிருக்கு.

டெஸ்ட்டே இல்லாம வர்றவங்க 68ல 24 பேர் இருந்தாங்க, மாத்திரை மாத்த, கால் புண்ணு காட்ட, வெளில எடுத்த ரிசல்ட்ட காட்ட. டாக்டர் பத்துக்குத்தான் வருவாரு, இவங்க அஞ்சு மணிக்கு வர ஒரு காரணமும் இல்ல, நம்பர் போயிருமேங்கிற பயம் ஒண்ணத் தவிர. அதுலயும் சில பேரு யாரோ சொன்னாங்கன்னு வெறும் வயித்தோட வேற வந்திருந்தாங்க. மூணு மாசத்து சராசரி காட்டுற ஹெச்பிஏ1சி மட்டும் எடுக்க வந்தவங்களும் அப்படியே, அதுக்கு பட்டினி கெடக்க வேண்டியதே இல்ல.

இன்னொண்ணு யாரும் கணக்குல வைக்காதது, மெடிக்கல் ரெப்புங்க, மருந்து கம்பெனி ஆளுங்க. பைய தூக்கிட்டு ஓரமா நிப்பாங்க, ரெண்டு பேஷண்டுக்கு நடுவுல ஒருத்தரு உள்ள போவாரு. நாளைக்கு பத்து பேரு, ஆளுக்கு மூணு நிமிஷம், அரைமணி நேரம் போச்சு. டாக்டர் ஒரு பேஷண்டுக்கு சராசரி மூணரை நிமிஷம் எடுக்குறாரு, 68 பேருக்கு 238 நிமிஷம், ரெப்புங்களோட சேத்தா 268. அவரு உக்காருறதே 270 நிமிஷம். மூச்சு விட ரெண்டு நிமிஷம், அதாவது 99 சதவீதம் பிசி.

இத டாக்டர்கிட்ட சொன்னப்ப "நல்லதுதான, சும்மா இருக்க நேரமே இல்லைன்னு அர்த்தம்"னு சிரிச்சாரு. வரிசைக் கணக்குல ஆபத்தே அங்கதான். ஆளுங்க முன்னப்பின்ன வந்து, பாக்குற நேரமும் கூடக்குறைய இருந்தா, பாக்குறவரு 80 சதவீதம் பிசின்னா காத்திருக்குறது சராசரியா ஒரு ஆளப் பாக்குற நேரத்த போல 4 மடங்கு, 90 ஆனா 9 மடங்கு, 95 ஆனா 19 மடங்கு. மூணரை நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காரணும். ஆப்ப ஓட்டுற கம்ப்யூட்டர், அதாவது சர்வருக்கும் இதே கணக்குதான், அதோட மூளையான சிபியு 95 சதவீதத்துல ஓடுதுன்னு பெருமைப்படுற ஆளு அடுத்த வாரம் ராத்திரி முழிச்சிருப்பான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக டென்மார்க்ல எர்லாங்குன்னு ஒரு கணித நிபுணர் 1909ல ஆரம்பிச்சு வச்ச சாஸ்திரம், அன்னைக்கு டெலிபோன் லைன், இன்னைக்கு சர்வர், நடுவுல நம்ம க்ளினிக்.

நான் பார்த்தும் பாக்காம விட்டது அக்காவத்தான். நோட்டு ஒரு பேருக்குத்தான், உண்மைல வரிசைய ஓட்டுனது அவிய. "ஆச்சி, நீங்க போயி ரெண்டு இட்லி சாப்ட்டுட்டு வாங்க, நான் பாத்துக்கிடுதேன்", "ஏ அண்ணாச்சி, உங்களுக்கு ஒண்ணரைக்குத்தான பஸ்சு, இப்ப உள்ள போங்க, இவிய டவுன்ல தான் இருக்காவ, பொறவு போவாவ", இப்படி காலைல இருந்து மத்தியானம் வரை பேசிட்டே இருப்பாவ. களக்காட்டுக்கு அந்தால இருக்குற ஊருக்கு ஒண்ணரை பஸ்ஸ விட்டா சாயங்காலம்தான்னு அவியளுக்கு மனப்பாடம். இதுல சில பேருக்கு கோவமும் உண்டு, ஆளு பாத்து விடுதாவன்னு. நான் நோட்டுல எழுதுனது என்ன தெரியுமா, "ஒழுங்கு இல்ல, ரிசப்ஷன் தலையீடு அதிகம்". இப்ப அந்த பக்கத்த பாத்தா வெக்கமா இருக்கு.

மொத முடிவும் அதுக்கு சொன்ன காரணமும்

டோக்கன போன்லயே போட்டுக்கலாம்னு முடிவு பண்ணோம். காலைல 5 மணிக்கு ஆப் திறக்கும், பேரும் நம்பரும் கொடுத்தா டோக்கன் எண் எஸ்எம்எஸ்ல வரும், முறை நெருங்குனா இன்னொரு எஸ்எம்எஸ். நம்பர் வரிசப்படிதான் உள்ள விடணும், அக்கா நடுவுல மாத்த முடியாது. ஆளு பாத்து விடுறாங்கங்கிற புகாரும் தீரும், விடியக்காலம் ரோட்டுல உக்காருறதும் தீரும்னு நம்புனேன். அக்கா மட்டும் "இது சரிப்பட்டு வருமா தம்பி"ன்னு ஒரு தடவ கேட்டாவ. வரும்க்கான்னு சொல்லிட்டு வேற வேலைய பாக்க போயிட்டேன்.

வாடகைக்கு எடுத்த சின்ன சர்வர்தான், ஒரே நேரத்துல நாலு வேலை பாக்குற மாதிரி நாலு ஒர்க்கர். 68 பேருக்கு இது தாராளம்னு நெனச்சேன்.

திங்கக்கிழமை காலைல அஞ்சு மணி

4:58க்கே ஆளுங்க பக்கத்த திறந்து வச்சிட்டு காத்திருக்காங்க. 68 பேர்னு நான் போட்ட கணக்கே தப்பு, ஒரு நோயாளிக்கு வீட்டுல மகன், மருமகள், சென்னைல இருக்க பேரன்னு மூணு போனு. கிட்டத்தட்ட 200 போன். பக்கம் 5 செகண்டுக்கு ஒருக்கா தானா ரெஃப்ரெஷ் ஆகுற மாதிரி வேற நான் எழுதி வச்சிருந்தேன், அப்ப பக்கத்த காட்டுன்னு சர்வர்கிட்ட செகண்டுக்கு 40 கோரிக்கை.

டோக்கன் போட்டதும் அந்த இடத்துலயே எஸ்எம்எஸ் அனுப்பிட்டுத்தான் அடுத்த ஆள பாக்கும், அனுப்ப மூணு செகண்டு. பேங்க் கவுண்டர்ல ஒருத்தர் பணத்த கட்டிட்டு ரசீதுக்கு நிக்கிறப்ப கேஷியரும் கூட நிக்கிற மாதிரி. நாலு ஒர்க்கரும் எஸ்எம்எஸ்ஸுக்கு நிக்குது, பின்னாடி வெறும் பக்கம் பாக்க வந்த கோரிக்கை எல்லாம் தேங்குது. பக்கம் வரலன்னதும் ஜனங்க என்ன பண்ணுவாங்க, திருப்பி அமுக்குவாங்க. அமுக்க அமுக்க புது கோரிக்கை வரிசைக்கு பின்னாடி போயி சேருது, பழைய கோரிக்கை அப்படியே முன்னாடி நிக்குது. அத அனுப்புன ஆளு அந்த பக்கத்த மூடிட்டு போயி பல நிமிஷம் ஆச்சு, ஆனா சர்வர் ஒழுங்கா வரிசப்படி, இல்லாத ஆளுக்கு பதில் சொல்லிட்டு இருக்கு. அஞ்சு இருபதுக்கு நான் பாக்குறப்ப சர்வர் மூச்சு முட்ட வேலை பாக்குது, ஒரு பயலுக்கும் பதில் போகல.

அதுக்குள்ள திருப்பி அமுக்குன ஒருத்தருக்கு மூணு டோக்கன், 7, 19, 31. கேட்டு முன்னாடி வழக்கம்போல நாலரைக்கு வந்து துண்டு விரிச்ச ஆளுங்க கைல ஸ்மார்ட்போனே கிடையாது, ஆறு மணிக்கு அக்கா வந்து டோக்கன் எல்லாம் போச்சுன்னு சொல்லுதாவ. முக்கூடல்ல இருந்து வந்த பெரியவர் ஒருத்தர் என்னைப் பாத்து "ஏ தம்பி, நான் நாலு மணிக்கு கெளம்பி வந்து நிக்கேன், வீட்டுல போத்திப் படுத்துக் கெடக்குறவன் எனக்கு முன்னால போவான், அப்படியா?"ன்னு கேட்டாரு. பதில் சொல்ல முடியல. வரிசைல நிக்கிறவனுக்கு நேரம் ஆகுறத விட பின்னாடி வந்தவன் முன்னாடி போறதுதான் பொறுக்காது. டேவிட் மைஸ்டர்னு ஒருத்தரு 1985லயே காத்திருக்குறதப் பத்தி எழுதுனப்ப இதத்தான் சொல்லிருக்காரு, நியாயம் இல்லாத காத்திருப்பு நீளமா தெரியும், எவ்ளோ நேரம்னு தெரியாத காத்திருப்பும் நீளமா தெரியும். நெல்லையப்பர் கோயிலுக்கு எதுக்க சாயங்காலம் இருட்டுக்கடை முன்னாடி அவ்ளோ கூட்டம் நிக்குது, முணுமுணுப்பு கம்மி, ஏன்னா முன்னாடி எத்தன பேருன்னு கண்ணுக்கு தெரியுது, கூட்டமும் நகந்துக்கிட்டே இருக்கு. என் ஆப்ல வரிசையும் தெரியல, நகருதான்னும் தெரியல.

அடுத்த மூணு வாரம்

சர்வர்ல எஸ்எம்எஸ்ஸ தனி வரிசைக்கு மாத்துனதும் மூச்சு முட்டுறது நின்னுச்சு, ஆனா நான் எதிர்பாக்காத எடத்துல எல்லாம் வரிசை முளைச்சுது. க்ளினிக் இருக்க தெருவுல ஜெராக்ஸ் கடைல "டாக்டர் டோக்கன் போட்டுத் தரப்படும், 20 ரூபாய்"னு அட்ட தொங்குச்சு. அஞ்சு மணிக்கு கடை முன்னாடி ஆளுங்க நிக்கிறாங்க, அதே துண்டு, அதே செருப்பு, எடம் மட்டும் முப்பது அடி தள்ளி. மீதிப் பேரு வீட்டுல அலாரம் வச்சு எந்திரிச்சு போன்ல கட்டை விரல வச்சு நிக்கிறாங்க, அதுவும் வரிசைதான், டாக்டர் கண்ணுல படாது அவ்ளோதான். ரோட்டுல யாரையும் காணோம்னு டாக்டர் அந்த வாரம் ரொம்ப சந்தோசமா இருந்தாரு.

எஸ்எம்எஸ் வரிசைல வேற கோளாறு. யாரோ தப்பான நம்பர் கொடுத்திருக்காங்க, அனுப்ப முடியல, நான் எழுதுனபடி போகுற வரைக்கும் திருப்பித் திருப்பி முயற்சி பண்ணுது, அதுக்குப் பின்னால உள்ள 40 எஸ்எம்எஸ்ஸும் நிக்குது. ரேஷன் கடைல முன்னால நிக்கிறவரு கார்ட தொலைச்சுட்டு தேடிக்கிட்டே இருந்தா பின்னால எல்லாரும் நிக்கிற மாதிரி. "உங்க முறை நெருங்கிருச்சு" எஸ்எம்எஸ் ஆளு வீட்டுக்குப் போயி சாப்ட்டு படுத்தப்புறம் வந்துச்சு. இன்னொரு சங்கதி, தமிழ் எஸ்எம்எஸ் ஒண்ணுக்கு 70 எழுத்துதான், இங்கிலீஷ்னா 160. நான் மரியாதையா வணக்கம் எல்லாம் போட்டு எழுதுனது மூணா உடைஞ்சு, சில சாதா போன்ல நடுத்துண்டு மட்டும் தனியா வந்து நின்னுச்சு.

மூணாவது வாரம் வியாழக்கிழமைதான் எல்லாத்தையும் நிறுத்த வச்சது. களக்காடு பக்கத்துல இருந்து ஒரு ஆச்சி, எழுவது வயசு இருக்கும், மக வீட்டுல இருந்து டோக்கன் போட்டு அனுப்பிருக்கா. ஏழேகாலுக்கு வெறும் வயித்து ரத்தம் கொடுத்தாச்சு. சாப்பிட போகணும், போகல. சுவத்துல மாட்டுன டிவில நம்பர் ஓடுது, போயிட்டு வர்றதுக்குள்ள நம்பர் தாண்டிருமோன்னு பயம், எஸ்எம்எஸ்ஸ நம்பலாம்னா போனு மக வீட்டுல இருக்கு. ஒம்பதே முக்காலுக்கு வேர்த்து, கண்ணு இருட்டி சேர்லயே சாஞ்சிட்டாவ. லேப் தம்பி ஓடி வந்து விரல்ல குத்தி பார்த்தா சர்க்கரை 54. எழுபதுக்கு கீழ போனாலே ஆபத்து, ராத்திரி போட்ட மாத்திரை வேற உள்ள இருக்கு. நல்லவேளை நினைவு இருந்துச்சு, குளுக்கோஸ் தண்ணி கொடுத்து, பதினஞ்சு நிமிஷம் கழிச்சு திருப்பி பாத்து, ஏறுனப்புறம் இட்லி வாங்கி கொடுத்தாங்க. அன்னைக்கு டெஸ்ட் அத்தோட ரத்து.

"பழையபடி நான் வரிசைய பாத்துக்கிட்டு இருந்தா போயி சாப்பிடுங்கன்னு அனுப்பியிருப்பேன் தம்பி. இப்ப என் வாக்குக்கு என்ன மதிப்பு, நம்பரு தான பேசுது"ன்னு அக்கா சொன்னாவ, சத்தமா கூட சொல்லல. பழைய நோட்டுல அந்த ஆச்சி நம்புனது நம்பர கிடையாது, அக்காவ. நான் அத எடுத்துட்டு அந்த எடத்துல ஒரு டிவிய மாட்டிருக்கேன்.

ரெண்டாவது முடிவு

மறுநாளே ஆப்ப நிறுத்திட்டு நோட்டுக்கு திரும்புனோம். ஒரு வாரம் அக்கா, லேப் தம்பி, கவுண்டர் அண்ணாச்சி, டாக்டர், நான் அஞ்சு பேரும் ரெண்டரை மணிக்கு மேல உக்காந்து பேசுனோம். இந்த தடவ மொதல்ல பேசுனது அக்கா.

பெரிய மாத்தம் அவிய சொன்னதுதான்: டோக்கனுக்கு காலைல ஏன் அடிச்சுக்கணும், போன தடவ டாக்டர பாத்துட்டு வெளில வர்றப்பவே அடுத்த தடவைக்கு எழுதிட்டா என்ன. சர்க்கரைக்காரங்க முக்காவாசி பேரு மாசத்துக்கு ஒருக்கா இல்ல மூணு மாசத்துக்கு ஒருக்கா வரத்தான் போறாங்க, தேதி டாக்டரே சொல்றாரு. என் மண்டைல இது ஏன் உதிக்கலன்னா நான் வரிசைய எப்படி வேகமா ஓட்டலாம்னே யோசிச்சேன், அவிய அந்த வரிசை எதுக்குன்னு யோசிச்சாவ. இத ஆரம்பிச்சதும் அஞ்சு மணி அடிபுடி தன்னால செத்துப்போச்சு. நாளைக்கு 20 எடம் மட்டும் நேர்ல வர்றவங்களுக்குன்னு நோட்டுலயே விட்டோம், போனே வேண்டாம்.

கொடுக்குறது நம்பர் இல்ல, நேரம். டெஸ்ட் உள்ளவங்களுக்கு ஆறரைல இருந்து எட்டு வரை, டெஸ்ட் இல்லாதவங்களுக்கு பத்துல இருந்து. 1952ல இங்கிலாந்துல பெய்லி, வெல்ச்னு ரெண்டு பேரு ஆஸ்பத்திரி வெளிநோயாளி வரிசைய ஆராய்ஞ்சு சொன்ன வழி ஒண்ணு இருக்கு: ஆரம்ப நேரத்துக்கு ரெண்டு பேர வரச்சொல்லு, அதுக்கப்புறம் சராசரி பாக்குற நேரத்துக்கு ஒருத்தரா வரச்சொல்லு. டாக்டரும் சும்மா இருக்க மாட்டாரு, ஜனமும் குமியாது. நாங்க பஸ்ஸுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் வளைச்சோம், சேரன்மகாதேவி பஸ்ல பத்து பேரு ஒண்ணாத்தான் எறங்குவாங்க, அவங்களுக்கு நாலு நிமிஷ இடைவெளி விட்டு நேரம் கொடுத்தா கேலிக்கூத்து.

ரெப்புங்க ரெண்டரைக்கு மேலதான்னு போர்டு வச்சாச்சு. அதுலயே டாக்டரோட பிசி 88 சதவீதத்துக்கு எறங்கிருச்சு. அதுக்கு மேலயும் ரெண்டு பேருக்கான நேரத்த காலியா விடுங்கன்னு கேட்டேன், மனுசன் ஒத்துக்கவே இல்ல, "காலியா உக்காந்தா ஜனம் என்ன நெனைக்கும்". அத விட்டுட்டேன்.

முதல் ரத்தம் கொடுத்ததும் லேப் தம்பி ஒரு சீட்டு கொடுப்பான், அதுல ரெண்டாவது ரத்தத்துக்கு எத்தன மணிக்கு வரணும்னு கையால எழுதிருக்கும், கீழ "உங்க இடம் போகாது, சாப்பிட்டு வாங்க"ன்னு பெருசா அச்சடிச்சிருக்கும். எழுதப்படிக்க தெரியாதவங்களுக்கு அக்கா வாயால சொல்லுவாவ. டெஸ்ட் என்னன்னு டாக்டர் முன்கூட்டியே எழுதிருவாரு, ஹெச்பிஏ1சி மட்டும்னா "பட்டினி வேண்டாம்"னு சீல்.

பஸ் விவகாரத்துக்கு சுவத்துல ஒரு வெள்ளப் போர்டு. ஒண்ணரைக்குள்ள பஸ் புடிக்க வேண்டியவங்க ஊரு அதுல இருக்கும், அக்கா அவங்கள முன்னாடி விடலாம், விட்டா போர்டுல எழுதணும். இத்தன வருசம் மனசுக்குள்ள பண்ணிட்டு இருந்தத எல்லாரும் பாக்குற மாதிரி பண்ணதும் ஆளு பாத்து விடுதாவங்கிற பேச்சு ரொம்ப கொறஞ்சிருச்சு.

சாஃப்ட்வேர்ல செஞ்சது வேகமா சொல்லிருதேன். ஆப் இப்ப அக்கா மேசைல மட்டும் ஓடுது, ஜனங்க நேரம் சரிபாக்க ஒரு சின்ன பக்கம் மட்டும். அது 20ல இருந்து 40 செகண்டுக்குள்ள ஏதோ ஒரு நேரத்துல ரெஃப்ரெஷ் ஆகும், எல்லா போனும் ஒரே செகண்டுல கதவ தட்டாது. பத்து செகண்டுக்கு மேல வரிசைல நின்ன கோரிக்கைய சர்வர் தூக்கிப் போட்டுரும், ஆளு போயாச்சு. ஒரு நம்பருக்கு ஒரு நாளைக்கு ஒரு பதிவுதான், நூறு தடவ அமுக்குனாலும். எஸ்எம்எஸ் மூணு தடவ முயற்சி, போகலன்னா ஓரமா தனிப் பட்டியல், அத அக்கா போன் பண்ணி சொல்லிருவாவ. வணக்கத்த தூக்கிட்டு 70 எழுத்துக்குள்ள அடக்கியாச்சு.

அப்புறம் நடந்தது

ரெண்டு மாசம் கழிச்சு அதே ஸ்டூல், அதே தலை எண்ணிக்கை. ஆளுங்க அதே 68தான், சராசரி தலை 30ல இருந்து 14 ஆயிருந்துச்சு. எட்டால வகுத்தா ஒண்ணே முக்கால் மணி. இத டாக்டர் எல்லாருகிட்டயும் பெருமையா சொல்றாரு, ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு. சாப்பிட வெளில போன ஆளுங்க தலை எண்ணிக்கைல வராது. டெஸ்ட்டுக்கு வர்றவங்களுக்கு வந்ததுல இருந்து கெளம்புறது வரை இன்னும் மூணரை மணி நேரம் ஆகத்தான் செய்யுது, நடுவுல உள்ள ரெண்டு மணி நேரத்த எந்த சாஃப்ட்வேரும் குறைக்க முடியாது. அந்த நேரத்துல பயந்து சேர்ல உக்காராம சாப்பிடுறாங்க, மார்க்கெட் போறாங்க, தெரிஞ்சவங்க வீட்டுல எட்டிப் பாத்துட்டு வர்றாங்க. டெஸ்ட் இல்லாத 24 பேருக்குத்தான் உண்மையிலேயே நேரம் மிச்சம், அவங்க இப்ப முக்கால் மணிக்குள்ள வெளில.

யாரும் மயங்கல. ஜெராக்ஸ் கடை அட்டைய எடுத்துட்டாங்க, கடைக்காரருக்கு என் மேல வருத்தம். திங்கக்கிழமையும், லீவு முடிஞ்ச மறுநாளும் பழைய மாதிரியே நெரிசல், நேர்ல வர்ற 20 எடம் ஏழு மணிக்குள்ள தீந்துரும், அதுக்கு இன்னும் வழி தெரியல. நேரம் வாங்கிட்டு வராதவங்க நாளைக்கு அஞ்சாறு பேரு, டாக்டர் காலியா விடமாட்டேன்னு சொன்ன எடம் அப்படி தன்னால காலியாகுது, அதுலதான் வரிசை கொஞ்சம் மூச்சு விடுது. அவருகிட்ட இத சொல்லல.

திருப்பி செய்யுறதா இருந்தா

மொத வாரமே அக்காவ ஸ்டூல்ல உக்கார வச்சு நான் கேள்வி கேட்டிருப்பேன், அவிய யார, எப்ப, ஏன் முன்ன விடுறாவன்னு ஒவ்வொண்ணா எழுதியிருப்பேன். ஒரு வரி கோட் எழுதறதுக்கு முன்னாடி சீட்டும் வெள்ளப் போர்டும் மட்டும் வச்சு ரெண்டு வாரம் ஓட்டியிருப்பேன், பாதிப் பிரச்சினை அதுலயே தீந்திருக்கும், ஆப்பு அப்புறம் தேவைப்பட்டிருக்குமான்னே சந்தேகம். தலைய எண்ணுறப்ப கேட்டுக்கு வெளில, டீக்கடைல, ஜெராக்ஸ் கடைல நிக்கிற தலையும் சேத்து எண்ணியிருப்பேன். சர்வர்ல கோரிக்கை எவ்ளோ நேரம் நிக்குதுங்கிறத மொத நாள்ல இருந்தே அளந்திருப்பேன், சிபியுவ மட்டும் பாத்து ஏமாந்தேன். பட்டினியா ஆளு உக்காருற எடத்துல எதையாவது மாத்துறதுன்னா, நேரம் தவறுனா அவங்க உடம்புக்கு என்ன ஆகும்னு லேப் தம்பிகிட்ட மொத கேட்டிருக்கணும், அவனுக்கு தெரிஞ்சிருக்கு, யாரும் கேக்கல.

முக்கூடல் பெரியவரு இன்னும் அஞ்சு மணிக்கு வாராரு. அவருக்கு நேரம் 11:40, டெஸ்ட்டும் கிடையாது, அக்கா எத்தனையோ தடவ சொல்லியாச்சு. மொத பஸ்லதான் உக்கார எடம் கெடைக்குதாம், வெயிலும் ஏறாதாம். கேட்டு முன்னாடி துண்ட விரிச்சு உக்காந்துக்கிடுவாரு, வரிசைல அவரு ஒருத்தருதான். இப்ப அக்கா அஞ்சே முக்காலுக்கே வந்து கேட்ட திறந்து, உள்ள ஃபேனுக்கு கீழ ஒரு சேர இழுத்துப் போட்டு விடுதாவ.